கரிசல் சீமையில் கிறிஸ்தவம் – 11: சம்பளம் வேண்டாம் என்ற உபதேசியார்

1838 ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் மறைந்ததோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. சி.எம்.எஸ். என்னும் சர்ச் மிஷனரி சங்கம் அவரை 1835இல் பணியிலிருந்து நீக்கியதும், சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றதும், அவர் இறந்த பிறகு பெரும்பாலோர் மீண்டும் சங்கத்தோடு சேர்ந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து சங்கத்துக்கும் திரும்பாமல் ரேனியஸ் கட்சியிலும் தேங்கிவிடாமல் மூன்றாவது வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. மாதச் சம்பளம் தருகிறோம் என்று சொன்னபோது வேண்டாம் என்றவர் அவர். ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்று பெயர். 1810இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ரேனியஸின் பாளையங்கோட்டைப் பள்ளியில் படித்தவர்.

அவர் மறுத்தது ஒரு சிறு தொகைதான். ஆனால் கிறிஸ்தவ உலகை ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் அலைக்கழித்த ஒரு கேள்விக்கு அந்த மறுப்பில் ஒரு பதில் இருந்தது. மனிதன் மீட்புப் பெறுவது விசுவாசத்தாலா, கிரியைகளாலா? அருளப்பனிடம் போகுமுன் இந்தக் கேள்வியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

ஒரே ஆபிரகாம், இரண்டு சாட்சியங்கள்

புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இந்த வழக்கு தொடங்கிவிடுகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலர் ஆபிரகாமைச் சாட்சிக்கு அழைக்கிறார். வேலை செய்கிறவனுக்குக் கொடுப்பது கூலி, அதை யாரும் தானம் என்று சொல்வதில்லை. ஆபிரகாமோ கூலி கேட்கவில்லை, கடவுளை நம்பினான், அந்த நம்பிக்கையே நீதியாக எண்ணப்பட்டது என்பது பவுலின் வாதம்.

யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அதே ஆபிரகாமை அழைத்து வேறொன்றைக் கேட்கிறார். உடுக்கத் துணியும் அன்றைய ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் சமாதானத்தோடே போய்வா என்று வாய் வார்த்தை சொல்லி அனுப்பினால் அந்த நம்பிக்கையால் என்ன பயன் என்கிறார். ஆபிரகாம் மகனைப் பலிபீடத்தில் கிடத்தியபோதுதான் அவனுடைய விசுவாசம் நிறைவு பெற்றது என்று முடிக்கிறார்.

இருவரும் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள் என்று தோன்றும். பவுல் எடுத்துக்கொண்டது ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. பிள்ளை இல்லாமல், வாக்குறுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து நின்ற மனிதர் அவர். யாக்கோபு எடுத்துக்கொண்டது பல ஆண்டுகள் கழிந்த பிறகு, 22ஆம் அதிகாரத்தில் மலையேறிய ஆபிரகாமை. முன்னவர் நம்பிக்கை எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறார். அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பின்னவர் சொல்கிறார். சபைகளோ இந்த இரு குரல்களையும் சேர்த்துக் கேட்க நெடுங்காலம் மறுத்துவிட்டன.

1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் எழுந்தார். பணம் கட்டிப் பாவத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வியாபாரத்தின் மேல் அவருக்கு வந்த கோபம் நியாயமானது. விசுவாசம் ஒன்றினால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்பது அவருடைய முழக்கமாயிற்று. 1522இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிடும் அளவுக்குப் போனார். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தில் பதில் சொன்னது. கடவுளின் அருளே முதலில் வருகிறது, ஆனால் அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்க வேண்டும், நற்செயல்களால் அந்த நீதி வளர்கிறது என்றது.

வழக்கு தமிழுக்கு வருகிறது

இந்தச் சண்டை கப்பலேறித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1706 ஜூலையில் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். லூத்தரின் பிள்ளைகளிலும் அவர் தனி ரகம். ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய அனாதை இல்லமும் பள்ளிகளும் அவர் வந்த வழிக்கு முன்மாதிரி. விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று ஹாலே வழியினர் உறுதியாகச் சொன்னார்கள். அதே மூச்சில், வாழ்க்கையை மாற்றாத விசுவாசம் உதட்டில் மட்டும் இருப்பது என்றும் சொன்னார்கள். அதனால்தான் தரங்கம்பாடியில் கோயிலோடு கூடவே பள்ளிக்கூடமும் எழுந்தது.

தெற்கே கரிசல் பக்கம் சேசு சபையினரின் மதுரை மிஷன் வேரூன்றியிருந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்தவர். தரங்கம்பாடியாரின் போதனையை மறுத்து அவர் எழுதிய ‘வேதவிளக்கம்’ 1728இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, உபதேசியார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். தர்க்க நூலில் எதிரணியை வெட்டிப் பேசிய அதே கைதான் ஒழுக்க நூலில் ஊழியக்காரனின் நடத்தையைச் செதுக்கியது. கோட்பாட்டில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் மனிதனின் நடத்தை என்று வந்தபோது ஏறக்குறைய ஒன்றையே கேட்டன. இந்தத் தொடருக்காகப் பழைய சண்டைகளைப் படிக்கப் படிக்க என் மனத்தில் உறுதிப்பட்டுவரும் எண்ணம் இது.

தரும சங்கம்

ரேனியஸும் ஜெர்மானியர்தான். விசுவாசத்தால் மட்டுமே என்ற போதனையில் ஊறியவர். ஆனால் 1820க்குப் பிறகு திருநெல்வேலியில் அவர் கண்டது என்ன? கிராமத்தில் ஒரு குடும்பம் வேதத்துக்கு வந்தால் குடியிருந்த மனையே பறிபோனது. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை. நிலக்காரருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களுக்கு வேலையும் போயிற்று. நீ விசுவாசத்தில் உறுதியாக இரு என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ஐயர் பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போயிருந்தால், யாக்கோபு கண்டித்த அதே வாய் வார்த்தையாக அது ஆகியிருக்கும்.

1830இல் தரும சங்கம் பிறந்தது. சபையாரும் நண்பர்களும் போட்ட பணத்தில் நிலம் வாங்குவது, துரத்தப்பட்டவர்களை அங்கே குடியமர்த்துவது, கோயிலும் பள்ளியும் கட்ட மனை ஒதுக்குவது ஆகியவை அதன் வேலை. தென்மாவட்டங்களில் இன்று நாம் காணும் கிறிஸ்தவ ஊர்கள் பலவற்றின் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது. தம் மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றும் ரேனியஸ் வற்புறுத்தினார், அதனால் வந்த எதிர்ப்பையும் தாங்கினார். கிரியைகளால் மீட்பு இல்லை என்று வாழ்நாள் முழுக்கப் பிரசங்கித்தவர் ஓய்வில்லாத கிரியைகளோடு வாழ்ந்தார்.

அருளப்பனின் கணக்கு

இங்கேதான் அருளப்பன் வருகிறார். 1833இல் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் பாக்தாத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தார். எக்ஸெட்டர் நகரில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவராக இருந்தவர், அதை விட்டுவிட்டு எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் ஊழியத்துக்குப் புறப்பட்டவர். பிரிஸ்டலில் அனாதைகளுக்காக இல்லம் நடத்தி, யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபத்தை மட்டும் நம்பியிருந்த ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கையின் கணவர். திருநெல்வேலிக்கு வந்த குரோவ்ஸோடு இளம் அருளப்பன் சேர்ந்துகொண்டார். அவரோடு பயணம் செய்தார், அவருடைய எண்ணங்களைத் தமிழ் வாழ்க்கைக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

அருளப்பன் தனியாக ஊழியத்துக்குப் புறப்பட்டபோது குரோவ்ஸ் மாதந்தோறும் ஏதாவது அனுப்ப விரும்பினார். அருளப்பன் மறுத்தார். அவர் சொன்ன காரணம் எளியது. நான் சம்பளம் வாங்கினால், கூலிக்காகத்தான் இவன் பிரசங்கம் செய்கிறான் என்று மக்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்றார். மிஷன் பங்களாவில் துரை கொடுக்கும் பணத்துக்காக வேதம் பேசும் ஆள் என்ற ஏச்சு அன்றைய உபதேசியார்களைத் தெருத்தெருவாகத் துரத்தியது.

கௌரவப் பிரச்சினை என்று மட்டும் இதைப் பார்த்துவிடக் கூடாது. பவுலின் வாதத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடவுள் தருவது கூலியல்ல என்பதுதானே அருளப்பன் ஊர் ஊராகச் சொல்லப்போகும் செய்தி? இலவசமாகக் கிடைப்பது என்று சொல்லப்படும் ஒன்றைக் கூலி வாங்கிக்கொண்டு அறிவித்தால் கேட்பவன் எதை நம்புவான்? தம் செய்தியும் தம் வயிறும் ஒன்றுக்கொன்று எதிர்சாட்சி சொல்லக் கூடாது என்று அவர் நினைத்தார். விசுவாசம் என்ற கோட்பாட்டை ஒரு தமிழர் தம் வீட்டு அடுப்படி வரைக்கும் கொண்டுபோனதை நான் இந்த முடிவில் காண்கிறேன்.

சம்பளம் வேண்டாம் என்றவர் சும்மா உட்கார்ந்து மன்னாவுக்குக் காத்திருக்கவில்லை. 1840இல், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புப் பக்கம், மிஷனரி யாரும் இல்லாத இடத்தில் நிலம் வாங்கிக் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை ஏற்படுத்தினார். குடும்பங்கள் அங்கே குடியேறின. விவசாயம் நடந்தது, பள்ளி நடந்தது. சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அங்கிருந்து ஊழியர்கள் போனார்கள். முல்லர் உட்பட நண்பர்கள் தாமாக அனுப்பிய உதவிகளும் வந்தன. ஆனால் இன்ன தேதிக்கு இன்ன தொகை என்ற கட்டு இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கே கஷ்டம் இருந்திருக்கும் என்பதைக் கரிசல் மண்ணைத் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழையை நம்பி விதைக்கிற சம்சாரி வயலுக்குப் போகாமல் இருப்பதில்லை. அருளப்பனின் விசுவாசமும் அப்படிப்பட்டதுதான்.

சிவகாசியில் ஒரு கூடாரம்

அதே காலத்தில் வடதிருநெல்வேலியில் இன்னொருவர் வேறு விதமாக உழைத்தார். தாமஸ் கஜெத்தான் ராக்லண்ட் ஜிப்ரால்டரில் 1815இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர். சென்னையில் சி.எம்.எஸ். செயலராக இருந்து கணக்கும் கடிதமும் பார்த்தவர். மேசையை விட்டு எழுந்து, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 1854இல் கரிசல் பக்கம் வந்தார். பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்துத் தங்கி, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு அடுத்த இடத்துக்கு நகர்வது அவர்கள் முறை. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் வட்டாரங்கள் அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1910இல் ராமநாதபுரம் ஜில்லாவும் 1985இல் விருதுநகர் மாவட்டமும் பின்னால்தான் வந்தன.

அந்தக் கூடாரங்களைத் தாங்கியதில் தென்திருநெல்வேலிச் சபைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பனையேறிப் பிழைத்த ஏழைச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின, செலவையும் ஏற்றுக்கொண்டன. நேற்று வரை உதவி பெற்றவர்கள் இன்று வேறொருவருக்காகக் கை நீட்டிக் கொடுத்தார்கள். விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

ராக்லண்டுக்கு நுரையீரல் நோய் இருந்தது. 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணிதான் பலன் தரும் என்ற இயேசுவின் போதனையை ஊழியத்தின் விதியாகவே அவர் கருதியிருந்தார். எண்ணிக்கையாகப் பார்த்தால் அவர் கண்ட பலன் மிகக் குறைவு. கிரியைக்குக் கூலி எதிர்பார்த்த மனிதராக இருந்தால் இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பியிருப்பார்.

1860

ராக்லண்ட் இறந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1860இல் அருளப்பனின் சபைகளில் பெரிய எழுப்புதல் தொடங்கியது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் நடந்த எழுப்புதல்களைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டு ஜெபித்துவந்திருந்தார். மக்கள் அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள். தரிசனம் கண்டோம் என்றவர்களும் தீர்க்கதரிசனம் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆண்களோடு பெண்களும் எழுந்து பேசினார்கள். சங்க மிஷனரிகளில் சிலர் இதை வரவேற்றார்கள், சிலர் இந்த உணர்ச்சி வேகத்தைக் கண்டு அஞ்சினார்கள்.

அழுகையையும் தரிசனத்தையும் எப்படி எடைபோடுவது என்று இரு தரப்பும் வாதிட்டிருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த ஒரு விளைவை யாரும் மறுக்க முடியவில்லை. ஆணும் பெண்ணுமாகப் பலர் சம்பளம் கேட்காமல் கிராமங்களுக்குப் புறப்பட்டுப் போனார்கள். வெள்ளைக்காரர் அனுப்பாமல், வெளிநாட்டுப் பணம் தூண்டாமல், தமிழர்களே தொடங்கித் தமிழர்களே நடத்திய இயக்கம் அது. அதன் அலை அருளப்பனின் ஆட்கள் வழியாகத் திருவிதாங்கூர் வரைக்கும் போயிற்று. 1867இல் அருளப்பன் காலமானார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். உணர்ச்சிப் பெருக்கில் பிறந்த இயக்கங்கள் வழிதவறவும் கூடும். திருவிதாங்கூரில் பிறகு உலக முடிவுக்கு நாள் குறித்த ஒரு பிரிவு தோன்றி, குறித்த ஆண்டு வந்து போனபின் தளர்ந்தது. அருளப்பனிடம் விசுவாசத்தை ஏரும் வயலும் பள்ளியும் தரையில் பிடித்து நிறுத்தின. அந்தப் பிடி இல்லாத இடத்தில் அது காற்றில் பறந்தது.

கூலியின் குரல்

இந்த வரலாற்றை இன்றைய கரிசலில் நின்று படிக்கும்போது இன்னொரு பக்கம் திறக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அவர்கள் திரும்பிய பிறகு சிவகாசியின் தலையெழுத்து மாறியது. மழையில்லாத மண் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்ததாயிற்று. இன்று இந்த வட்டாரத்தில் பல வீடுகளிலிருந்து ஒருவராவது குழாய் சுற்றவோ, திரி வைக்கவோ, மருந்து செலுத்தவோ போகிறார்கள்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. ராக்லண்டின் கூடாரங்கள் சுற்றிய அதே சீமையில், சாத்தூர் அருகே உள்ள அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்கள் பலர், கல்லூரிப் படிப்புக்கு நடுவே வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். மத்திய, மாநில அரசுகள் நிவாரணம் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் வேறு கைகளில் இயங்கும் உள்குத்தகை முறை பற்றிக் கேள்விகள் எழுந்தன. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இத்தனை மருந்துதான் என்ற விதிகள் ஏட்டில் இருக்கின்றன.

விசுவாசமா, கிரியையா என்ற பழைய வழக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். யாக்கோபின் நிருபத்தை இரண்டாம் அதிகாரத்தோடு மூடிவிடுபவர்களுக்கு அந்தத் தொடர்பு தெரியாது. ஐந்தாம் அதிகாரத்தில் அவர் செல்வந்தர்களை நேருக்கு நேர் அழைக்கிறார். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் கடவுளின் செவிக்கு எட்டிவிட்டது என்கிறார். கிரியை என்று அவர் சொன்னது பிச்சையிடுவதை மட்டுமல்ல. கூலியாளுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பதும், அவனுடைய உயிரைத் தன் லாபத்துக்குக் கீழே வைக்காமல் இருப்பதும் அந்தச் சொல்லுக்குள் வருகின்றன.

பவுலும் யாக்கோபும் இருவருமே கூலியைப் பற்றிப் பேசினார்கள் என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. கடவுள் உனக்குத் தருவது கூலியல்ல, ஆகவே அவரிடம் கணக்குப் பார்க்காதே என்றார் பவுல். உன்னிடம் உழைக்கிறவனுக்கு நீ தருவது கூலிதான், ஆகவே அவனிடம் தர்மப்பிரபு வேஷம் போடாதே என்பது யாக்கோபின் கண்டிப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். கடவுளுக்கு முன்னால் உரிமை கோர நம்மிடம் எதுவும் இல்லை. தொழிலாளிக்கு முன்னால் கடமையிலிருந்து தப்ப நமக்கு வழியும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தவனுடைய விசுவாசமே முழுமையானது.

நேர்மாறாகவும் நடக்கக் கூடும், நடக்கிறது. அதை எந்தச் சமயமும் தன் ஆட்களிடம் காணலாம். நாள் முழுக்க ஆட்களை விதிக்குப் புறம்பாக நெருக்கி வைத்து வேலை வாங்கிவிட்டு, லாபத்தில் ஒரு பங்கை வழிபாட்டுத் தலத்துக்கு எழுதிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடாது. லூத்தர் கொதித்தது இதே வியாபாரத்தைக் கண்டுதான். அந்தக் கொடையைக் கிரியை என்று யாக்கோபும் ஏற்றிருக்க மாட்டார்.

1999 அக்டோபர் 31ஆம் தேதி ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கடவுளின் அருளால் மட்டுமே மனிதன் ஏற்கப்படுகிறான், அந்த அருள் நற்செயல்களாகப் பலன் தருகிறது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. நானூற்று எண்பது ஆண்டுச் சண்டைக்குப் பிறகு அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில், பெரும் சங்கங்கள் கூடாமலே, 1840இல் வத்திராயிருப்புப் பக்கத்து உபதேசியார் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மீட்பு கூலியல்ல என்று நம்பினார், அதனாலேயே கூலி வாங்காமல் உழைத்தார். தமக்குக் கூலி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அடுத்தவர் கூலியில் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அவருடைய வழியில் நடக்கிறோம் என்று சொல்லும் சபைகளும், சபைகளுக்கு வெளியே நின்று இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் இந்த வேறுபாட்டைக் கைவிடாமல் இருந்தால், இந்தக் கரிசல் மண்ணில் உழைக்கிறவர்களுக்குச் சேர வேண்டியது சேரும்.

கிரியை இன்னொரு வகையிலும் சோதனைக்கு உள்ளானது. 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது மிஷன் கஞ்சித்தொட்டிகளைத் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், அவர்களில் பலர் சபைகளிலும் சேர்ந்தார்கள். பசிக்குச் சோறு போட்டது அன்பா, ஆள் சேர்ப்பா என்ற கேள்வி அன்றே எழுந்தது. கால்டுவெல் ஐயர் அந்தக் கேள்வியை எப்படி எதிர்கொண்டார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)